இளஞ்சிவப்பு பெரில் என்று வந்த கல்: சகவலானா, 2002

நிறம் இளஞ்சிவப்பு. ஆறு பக்கப் படிகம். பெரிய படிகங்கள் கொண்ட பெக்மடைட் பாறையின் பொந்திலிருந்து எடுத்தது. ஊர் மடகாஸ்கர். இந்த நாலையும் கேட்டால், கல் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கையில் வாங்கிப் பார்க்காமலே "மார்கனைட்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. மார்கனைட் என்றால் இளஞ்சிவப்பு பெரில், மரகதத்தின் உறவுக்கல்; அதன் அடையாளமாக நமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

2002 நவம்பரில் மத்திய மடகாஸ்கரின் சகவலானா பெக்மடைட்டில் கிடைத்த கல்லுக்கு இந்த நாலும் அப்படியே பொருந்தின. ஆனாலும் அது மார்கனைட் இல்லை. கண்டிப்பாகச் சொன்னால் பெரிலே இல்லை. புதிய கனிமம் என்று அதிகாரபூர்வமாக முடிவாக சுமார் பத்து மாதம் ஆனது. அதற்குள் கல் விலைபோன இடமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தோண்டிய பொந்தும் ஏறக்குறைய காலி.

கல் சோதனை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழக்கு இதுதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கண்ணாடியை மாணிக்கம் என்று விற்ற கதை இல்லை இது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து நியாயமாகத்தான் ஊகித்தார்கள். ஆனால் அந்த ஊகம் தவறு என்று சொல்லும் எண், எந்தச் சோதனை மேசையிலும் இருக்கும் சாதாரணக் கருவியிலேயே முதல் நாளிலிருந்து தெரிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணை ஒதுக்கிவிடாமல் "ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டவர்களால்தான் பெட்ஸோட்டைட் என்ற பெயர் இன்று இருக்கிறது.

முதலில் மார்கனைட்

பெரில் என்பது பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த கனிமம். சுத்தமான பெரிலுக்கு நிறமே கிடையாது. இரும்பு கொஞ்சம் கலந்தால் நீலம், அது அக்வாமரின். குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதம். மாங்கனீஸ் கலந்தால் இளஞ்சிவப்பு.

இந்த இளஞ்சிவப்பு வகைக்குப் பெயர் வைப்பதில் ஆரம்பத்திலிருந்தே போட்டி உண்டு. இத்தாலியின் எல்பா தீவில் கிடைத்ததற்கு 1880இல் ரோஸ்டெரைட் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த சீசியம் கலந்த பெரிலுக்கு 1908இல் கனிமவியலாளர் வெர்னாட்ஸ்கி வொரொபியெவைட் என்று பெயரிட்டார். 1906இல் காக்கசஸ் மலையில் உயிரிழந்த கனிமவியலாளர் வொரொபியெவின் நினைவாக. இரண்டு பெயரும் சந்தையில் நிற்கவில்லை. 1910 டிசம்பரில், டிஃபனி நகை நிறுவனத்தின் ரத்தின நிபுணர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் குன்ஸ், மடகாஸ்கரிலிருந்து வந்த ரோஜா நிற பெரிலுக்கு மார்கனைட் என்ற பெயரை நியூயார்க் அறிவியல் கழகத்தில் முன்மொழிந்தார். வங்கியாளர் ஜே. பி. மார்கன் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரிய கல் தொகுப்புகளைக் கொடுத்தவர். அந்த நன்றிக்கு இந்தப் பெயர். குன்ஸின் பெயரிலும் ஓர் இளஞ்சிவப்புக் கல் உண்டு: கலிபோர்னியாவின் பாலா பகுதியில் கிடைத்த குன்ஸைட். அது பெரில் அல்ல, ஸ்பொடுமீன் என்ற வேறு கனிமம்.

பாலாவில் குன்ஸைட் கிடைக்கும் அதே மலைகளில் மார்கனைட்டும் கிடைக்கிறது. ஹெரியார்ட் மலையின் ஒயிட் குவீன் சுரங்கம் அதற்குப் பெயர்போனது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம், மொசாம்பிக்கின் ஆல்டோ லிகோன்யா, ஆப்கானிஸ்தான், நமீபியா, நைஜீரியா என்று மற்ற ஊர்கள் நீள்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பக்ஃபீல்டில் உள்ள பென்னட் குவாரியில் 1989 அக்டோபர் 7 அன்று கிடைத்த ஒரே ஒரு படிகம் சுமார் 23 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், ஒட்டியிருந்த பாறையோடு சேர்த்து 23 கிலோவுக்கு மேல். "ரோஸ் ஆஃப் மெய்ன்" என்று அதைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் படிகம் வெளியே வந்தபோது சற்று ஆரஞ்சு சாயலாகத்தான் இருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மார்கனைட் பெரும்பாலும் மண்ணிலிருந்து வரும்போது பீச் பழ நிறத்தில், சில சமயம் சால்மன் மீன் நிறத்தில் இருக்கும். சுமார் 400 டிகிரி வெப்பத்தில் சூடாக்கினால் மஞ்சள் சாயல் விலகிச் சுத்தமான இளஞ்சிவப்பு தங்கும். கடையில் நாம் பார்க்கும் மார்கனைட்டில் பெரும்பகுதி இப்படிச் சூடு பார்த்து வந்ததுதான். அந்த நிறம் நிலைக்கும், அதனால் வியாபாரத்தில் அதைக் குறையாக யாரும் பார்ப்பதில்லை.

ஆக, நம் மனதில் இருக்கும் மார்கனைட் வெளிறிய கல். பெரிய கல்லாக இருந்தால்தான் நிறம் தெரியும். ஒரு காரட்டுக்குக் கீழே வெட்டினால் கண்ணாடித்துண்டு மாதிரி வெளுத்துப்போகும். சகவலானாவில் கிடைத்தது அப்படியில்லை. அரை காரட் கல்கூட ஊதா கலந்த ஆழ்ந்த இளஞ்சிவப்பில், கிட்டத்தட்ட பழுத்த நாவல் பழத்தைக் கடித்தால் தெரியும் சதையின் நிறத்தில் இருந்தது.

பொந்து

சகவலானா புதிய இடம் இல்லை. மந்த்ரோசோனோரோ ஊருக்குத் தென்மேற்கே, அம்பாடோவிடா என்ற சிற்றூருக்கு அருகே இருக்கும் பெக்மடைட் அது. 1940களிலேயே டூர்மலின் என்ற ரத்தினக்கல்லுக்காக அங்கே தோண்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து தோண்டுவது மடகாஸ்கரில் வழக்கம். 2002 நவம்பரில் அப்படித்தான் ஒரு பெரிய பொந்து திறந்தது.

பெக்மடைட்டில் பொந்து எப்படி உண்டாகிறது என்பதைச் சொன்னால்தான் அப்புறம் நடந்தது புரியும். பூமிக்குள் கிரானைட் குழம்பு மெல்ல ஆறும்போது, பொதுவான தனிமங்கள் முதலில் படிகமாகி வெளியேறிவிடும். குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா இவற்றின் படிகக்கூட்டில் இடம் கிடைக்காத தனிமங்கள் குழம்பிலேயே தங்கிக்கொண்டு வரும். பெரிலியம் மிகச் சிறியது. சீசியம் மிகப் பெரியது. லித்தியம், போரான் இவற்றுக்கும் அந்தக் கூட்டில் சரியான இடமில்லை. கடைசியில் மிஞ்சும் நீர் மிகுந்த குழம்பில் இவையெல்லாம் செறிந்துபோகும். சட்டியில் குழம்பு வற்ற வற்ற உப்பு செறிவது போல என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே கடைசியில் மிஞ்சுவதுதான் அரியது. அந்தக் கடைசி மிச்சத்தில் நீரும் வாயுவும் சேர்ந்து உண்டாக்கும் வெற்றிடம்தான் பொந்து. உள்ளே நெருக்கடி இல்லாததால் படிகங்கள் தங்கள் முழு வடிவத்தில் வளரும்.

சகவலானாவில் அந்தக் கடைசி மிச்சம் சாதாரண அளவைத் தாண்டிப் போயிருந்தது. டூர்மலின், குவார்ட்ஸ், பெல்ஸ்பார், லித்தியம் மைக்கா இவற்றோடு சேர்ந்து இந்த இளஞ்சிவப்புப் படிகங்கள் இருந்தன. மார்கனைட் பெரும்பாலும் தட்டையாக, பலகை போல வளரும். இவையும் அப்படித்தான் தட்டையாகவோ, நீள அகலம் சமமாகவோ இருந்தன. பெரும்பாலானவை உள்ளே மெல்லிய வளர்ச்சிக் குழாய்களும் திரவம் புகுந்த விரிசல்களுமாக நிறைந்திருந்தன. மொத்தத்தில் வெட்டத் தகுந்த கச்சாக் கல் என்று கிடைத்தது சில டஜன் கிலோ மட்டுமே.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஒட்டிக்கொண்டிருந்த நிலம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் எடுத்த நீலப்பச்சை பெரிலும் பெக்மடைட்டில் பிறந்ததுதான். கொடுமணல் அகழாய்வில் பெரில் கற்களை வேலைசெய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நல்ல பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். பெரில் என்ற பெயரே நம் பக்கத்துச் சொல்லின் வழியில் போனது: வைடூரியம், பிராகிருதத்தில் வெருளிய, கிரேக்கத்தில் பெரில்லோஸ். மடகாஸ்கர் படிகத்தை லென்ஸில் பார்க்கும்போது தூரத்து உறவினர் முகம் பார்ப்பது போல எனக்கு இருப்பது அதனால்தான்.

சந்தையில் வைத்த பெயர்கள்

2003 பிப்ரவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நடக்கும் வருடாந்திரக் கல் சந்தைக்கு இந்தக் கற்கள் வந்துசேர்ந்தன. ராஸ்பெரி பெரில் என்று சிலர் கூப்பிட்டார்கள். அதையே சுருக்கி ராஸ்பெரில் என்றும் சொன்னார்கள். நிறத்தின் ஆழத்தைப் பார்த்து இது சிவப்பு பெரிலாக இருக்கலாம் என்றும் பேச்சு இருந்தது. சீசியம் மிகுந்த மார்கனைட் என்றும் ஒரு கருத்து.

இதில் சிவப்பு பெரில் என்ற ஊகத்தைக் கல் பிறந்த இடமே தள்ளிவிடுகிறது. சிவப்பு பெரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேனார்ட் பிக்ஸ்பி 1904இல் கண்டது. வெட்டத் தகுந்த அளவில் வா வா மலையில் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அது பெக்மடைட்டில் பிறப்பதில்லை. ரயோலைட் என்ற எரிமலைப் பாறையின் விரிசல்களில், சூடான வாயுக்களிலிருந்து உருவாகிறது. அதன் அடர்த்தியும் பெரில் குடும்பத்திலேயே குறைவு, 2.66 முதல் 2.70 வரை. சகவலானா கல்லோ கையில் வைத்தாலே கனமாக இருந்தது.

ஊர் பெயர் இங்கே ஒரு பொய்யை விலக்கியது. ஆனால் அடுத்த நிமிடமே அதே ஊர் பெயர் இன்னொரு தவறான பெயரை நியாயப்படுத்தியது: மடகாஸ்கர், பெக்மடைட், இளஞ்சிவப்பு, அப்படியானால் மார்கனைட்தான்.

மேசையில் இரண்டு கேள்வி

சரி, கல்லை மேசையில் வைத்துப் பார்ப்போம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதல் கருவி, கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். அரைவட்டக் கண்ணாடியின் மேல் தொடுதிரவம் ஒரு சொட்டு. அதிகம் வைத்தால் கல் மிதக்கும். குண்டூசித் தலை அளவு போதும். அதன்மேல் கல்லின் மேல்பட்டையைக் கவிழ்த்து வைத்து, மூடியை மூடி, கண்ணை வைத்துப் பார்த்தால் அளவுகோலில் ஒரு நிழல் விளிம்பு தெரியும். அது நிற்கும் இடம்தான் ஒளிவிலகல் எண். கல்லை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், பெரில் போன்ற கற்களில் ஒரு விளிம்பு அசையாமல் நிற்கும், இன்னொன்று மேலும் கீழும் நகரும். இரண்டுக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரட்டை விலகல் என்பது அதுதான்.

மார்கனைட் வைத்தால் விளிம்பு 1.58, 1.59 பக்கம் நிற்கும். சீசியம் அதிகமானால் 1.60ஐ எட்டிப் பார்க்கும். சகவலானா கல்லில் அசையாத விளிம்பு 1.615 முதல் 1.619 வரை. நகரும் விளிம்பு 1.607 முதல் 1.610 வரை இறங்கி வரும். இடைவெளி சுமார் 0.008.

இரண்டாவது, அடர்த்தி. கல்லைக் காற்றில் ஒருமுறையும் நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்த வேண்டும். உதாரணத்துக்கு, காற்றில் 1.24 காரட் இருக்கும் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரில் அது 0.84 காரட் காட்டினால், குறைந்தது 0.40. 1.24ஐ 0.40ஆல் வகுத்தால் 3.10. இதுவே 2.82 அடர்த்தியுள்ள மார்கனைட்டாக இருந்தால் நீரில் 0.80 காட்டியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.04 காரட். அதாவது 8 மில்லிகிராம். சகவலானா கற்களில் பெரும்பாலானவை ஒரு காரட்டுக்கும் கீழே என்பதை நினைத்தால், எவ்வளவு கவனமாகத் தராசைத் தொட வேண்டும் என்று புரியும்.

கல்லில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிதான் இதில் பெரிய எதிரி. குமிழி கல்லைத் தூக்கிப் பிடிக்கும், அதனால் நீரில் எடை இன்னும் குறைவாகத் தெரியும், அடர்த்தி இருப்பதைவிடக் குறைந்து வரும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் 0.60 காரட் இளஞ்சிவப்புக் கல் ஒன்றுக்கு 3.07 வந்தது. டூர்மலின் என்று தாளில் எழுதிவிட்டேன். சொல்லித்தந்த பெரியவர் தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு எண்ணை வச்சுப் பேர் சொல்லிட்டியா?"

"கணக்கு சரியாத்தான் வந்துச்சு ஐயா."

"கணக்கு சரியா இருக்கலாம். தண்ணில என்ன ஒட்டியிருந்ததுன்னு பார்த்தியா? அந்தக் கருவியில வை."

ரிஃப்ராக்டோமீட்டரில் 1.66 காட்டியது. அது குன்ஸைட். அதன் அடர்த்தி 3.18. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குமிழி அதை டூர்மலின் ஆக்கியிருந்தது. அன்றிலிருந்து நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, கல்லை மென்மையான தூரிகையால் துடைத்த பிறகே தொங்கவிடுகிறேன்.

இப்போது சகவலானா கல்லின் இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அடர்த்தி 3.10 என்பது இது மார்கனைட் இல்லை என்கிறது. ஆனால் இளஞ்சிவப்பு டூர்மலினின் அடர்த்தி சுமார் 3.06, அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்தால் இது டூர்மலினாகவும் இருக்கலாம். அதே பெக்மடைட்டில் டூர்மலின் கிடைத்துக்கொண்டிருந்தது வேறு. இங்கே இரட்டை விலகல் கைகொடுக்கிறது. டூர்மலினில் அது சுமார் 0.020, விளிம்புகள் 1.624க்கும் 1.644க்கும் இடையே விலகி நிற்கும். இந்தக் கல்லில் 0.008 மட்டுமே. இடைவெளி பெரிலைப் போல. அடர்த்தி டூர்மலினைப் போல. ஒரு கேள்வி பெரிலை விலக்குகிறது, மற்றொன்று டூர்மலினை விலக்குகிறது. இரண்டுக்கும் நடுவே, பாடப்புத்தகத்தின் எந்த வரிசையிலும் இல்லாத ஓர் இடத்தில் கல் உட்கார்ந்திருந்தது.

நிறமாலை காட்டும் கருவியை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதன் நிறமாலை மார்கனைட்டின் நிறமாலையைப் போலவே இருக்கிறது. இரண்டுக்கும் நிறம் தருவது மாங்கனீஸ்தான் என்பதால் அது இயல்பு.

சீசியம் பெரில் என்று விட்டுவிட முடியாதா?

நியாயமான கேள்வி. பெரிலில் சீசியம் புகும் என்பது 1908இலேயே தெரிந்த விஷயம். சீசியம் கனமான தனிமம், அது ஏற ஏற அடர்த்தியும் ஒளிவிலகலும் ஏறும் என்பதும் தெரியும். அப்படியானால் 3.10 என்பது சீசியம் ரொம்ப அதிகமான மார்கனைட் என்று முடித்துக்கொள்ளலாமே? 2003இன் தொடக்கத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

இதற்குப் பதில் கல்லின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. பெரிலில் ஆறு சிலிக்கான் கூடுகள் சேர்ந்து ஒரு வளையம். வளையத்தின்மேல் வளையம் அடுக்கியதில் நடுவே மூங்கில் குழாய் போல ஒரு நீண்ட துளை. சாதாரண பெரிலில் அந்தத் துளைக்குள் கொஞ்சம் நீரோ, சோடியமோ, சீசியமோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வளையங்களைப் பக்கவாட்டில் இணைத்துப் பிடிப்பது பெரிலியமும் அலுமினியமும்.

சகவலானா கல்லில் பெரிலியத்துக்கு உரிய மூன்று இடத்தில் ஒன்றில் லித்தியம் உட்கார்ந்திருக்கிறது. பெரிலியத்தின் மின்னேற்றம் இரண்டு, லித்தியத்தினுடையது ஒன்று. ஒவ்வொரு லித்தியத்துக்கும் கணக்கில் ஒன்று குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் துளைக்குள் ஒரு சீசியம் வந்து அமர்கிறது. ஆக, இங்கே சீசியம் வழிப்போக்கன் இல்லை, கூட்டின் உறுப்பு. முழுமையான வாய்பாட்டின்படி கணக்கிட்டால் கல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சீசியம்.

அதைவிட முக்கியம், லித்தியம் எங்கே உட்கார்கிறது என்பது. மார்கனைட்டில் கொஞ்சம் லித்தியம் புகுந்தால் அது அங்கங்கே தாறுமாறாக அமரும். இந்தக் கல்லில் அது வரிசை தவறாமல் அமர்ந்திருக்கிறது. அதனால் படிகத்தின் அடிப்படை அலகே மாறிப்போகிறது; செங்குத்து அச்சில் பெரிலைப்போல் மூன்று மடங்கு தூரம் போனால்தான் அமைப்பு மறுபடி தொடங்கும். பெரில் அறுகோண அமைப்பு. இது முக்கோண அமைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஆறு பக்கம்தான். எக்ஸ் கதிர் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இதில் ஆய்வகங்களுக்கே ஒரு சங்கடம் இருந்தது. கனிமங்களின் கலவையைப் பார்க்க வழக்கமாகப் பயன்படும் எலெக்ட்ரான் மைக்ரோப்ரோப் கருவியால் லித்தியத்தைப் பார்க்க முடியாது. அது அவ்வளவு இலேசான தனிமம். பெரிலியமும் அதற்குச் சிரமம்தான். அந்தக் கருவியின் தாளை மட்டும் படித்தால் சீசியம் ஏராளமாக உள்ள பெரில் என்றுதான் தோன்றும். மொத்தக் கதையையும் மாற்றும் தனிமம் அந்தத் தாளில் இருக்கவே இருக்காது. லித்தியத்தைத் தனியாக அளந்து, எக்ஸ் கதிர் அமைப்பையும் அகச்சிவப்பு, ராமன் நிறமாலைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே விஷயம் தெளிந்தது.

2003 செப்டம்பரில் சர்வதேச கனிமவியல் சங்கம் இதைப் புதிய கனிமமாக ஏற்றது. பெயர் பெட்ஸோட்டைட். மிலான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபெடெரிகோ பெட்ஸோட்டா மடகாஸ்கர் பெக்மடைட்டுகளைப் பல ஆண்டு தேடி ஆராய்ந்தவர். அவருக்கான மரியாதை அது. 1910இல் அதே தீவின் கல்லுக்கு, கல் தொகுப்புகளை வாங்கிக் கொடுத்த வங்கியாளரின் பெயர் கிடைத்தது. 2003இல் அங்கே அலைந்து ஆராய்ந்தவரின் பெயர். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கிறது.

பெட்ஸோட்டைட் பெரில் குழுவைச் சேர்ந்தது, ஆனால் பெரில் அல்ல. "இளஞ்சிவப்பு பெரில்" என்ற தலைப்பில் இதைச் சேர்த்து விற்றால் அது தவறான விவரம். "ராஸ்பெரில்" என்று எழுதிய பழைய சீட்டுகள் இன்னும் கைமாறுகின்றன. சீட்டு வைத்திருப்பவர் பொய் சொல்லவில்லை, அந்தச் சீட்டு எழுதிய நாளில் வேறு பெயர் இல்லை.

வெட்டிய கல்

கடினம் மோஸ் அளவில் 8 (வைரம் 10). உடையும் தன்மை உண்டு, அதனால் மோதிரத்தில் பதிக்கும்போது கல்லைப் பிடிக்கும் உலோக நகங்களை அழுத்துவதில் பொற்கொல்லர் நிதானிக்க வேண்டும். வெட்டிய கற்களில் பெரும்பாலானவை ஒரு காரட்டுக்குக் கீழே. இரண்டு காரட்டைத் தாண்டுவது அரிது. லென்ஸில் பார்த்தால் உள்ளே குழாய்களும் விரிசல்களும் இல்லாத கல்லைக் காண்பது கடினம். ஒரு திசையிலிருந்து ஆரஞ்சு சாயல் இளஞ்சிவப்பு, கல்லைத் திருப்பினால் ஊதா சாயல். வெட்டுபவர் எந்தப் பக்கத்தை மேலே வைக்கிறாரோ அதைப் பொறுத்து கல்லின் முகம் மாறும்.

சூடு காட்டுவதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மார்கனைட்டைச் சூடாக்கிப் பழகிய பட்டறையில் இதையும் அப்படிச் செய்துவிட்டால் பேரிழப்பு. 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பெட்ஸோட்டைட்டின் நிறம் போய்விடும். காமா கதிர் பாய்ச்சினால் நிறம் திரும்புகிறது. இயற்கையில் கதிர்வீச்சு பட்டு உண்டான நிற மையங்கள், மாங்கனீஸோடு சேர்ந்து, இந்த நிறத்தைத் தருகின்றன என்ற விளக்கத்துக்கு இது வலு சேர்க்கிறது. நகையில் பதித்த கல்லுக்குப் பக்கத்தில் பற்றவைக்கும் சுடர் போனாலே கவலைப்படத்தான் வேண்டும்; கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நல்லது.

கச்சாக் கல்லில் சுமார் பத்தில் ஒரு பங்கு, குமிழ் வடிவில் வழவழப்பாக மெருகிட்டால், பூனைக்கண் காட்டியது. உள்ளே இணையாக ஓடும் அந்த வளர்ச்சிக் குழாய்கள்தான் காரணம். பட்டை தீட்டும்போது குறையாக இருந்தது இங்கே அழகாகிவிடுகிறது. ஒற்றை விளக்கின் கீழே வைத்து அசைத்தால் ஊதாச் சிவப்பின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று ஊர்ந்துபோகும். வைடூரியம் என்று நாம் இன்று சொல்வது பூனைக்கண் கல்லை, அதாவது கிரைசோபெரிலை. அந்தச் சொல் பழைய காலத்தில் பெரிலுக்குப் போன சொல். பெரில் குழுவில் பிறந்து பூனைக்கண்ணும் காட்டும் இந்தக் கல்லில் சொல்லின் இரண்டு காலமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது போல எனக்குத் தோன்றும்.

பிறகு வந்தவை

சகவலானா பொந்தில் இருந்தது அவ்வளவுதான். கனிமத்தை ரத்தின உலகுக்கு விரிவாக அறிமுகம் செய்த கட்டுரை 2003இன் கடைசியில் வெளிவந்தபோதே, அந்தப் படிவு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றுதான் அதில் எழுத வேண்டியிருந்தது.

ஆனால் எண்கள் தெரிந்துவிட்டதால் மற்ற ஊர்களின் கற்களையும் மறுபடி எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மியான்மாரின் மோமெய்க் பகுதியில் பெட்ஸோட்டைட் அடையாளம் காணப்பட்டது. ஆப்கானிஸ்தானில் மார்கனைட் நெடுங்காலமாகக் கிடைத்துவருகிறது. அங்கிருந்து சீசியம் மிகுந்த மார்கனைட் என்ற பெயரில் ஒரு கல் வந்தது. நிறம் அதே, பெக்மடைட் அதே, சொன்ன காரணமும் அதே. இந்த முறை பத்து மாதம் தேவைப்படவில்லை. தொடுதிரவம் ஒரு சொட்டு, கல்லைக் கவிழ்த்து வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். அதுவும் பெட்ஸோட்டைட் என்று ஆனது.